இரட்டை சைக்கிளுக்கு டிரம் பிரேக்: மலை இறங்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு ஓடும் இரட்டை சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் மிதிக்க ஐந்து கிலோமீட்டர் சுற்று. ஏரிச்சாலை ஏறக்குறைய மட்டம். அங்கே ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக் தாராளமாகப் போதும். அதே மாதிரி வண்டியைக் குமுளியிலிருந்து லோயர்கேம்ப்புக்கோ, போடிமெட்டிலிருந்து முந்தலுக்கோ இறக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குமுளி மலைச்சாலையில் 400 மீட்டர் உயரம் இறங்கினால் 7 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக மீதி முழுக்கப் பிரேக்கில் சூடாக இறங்கும். அந்த 7 லட்சம் ஜூல், இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் மிச்சமிருக்கும் சூடு. போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து போடி வரை இறங்கினால் 17 லட்சம் ஜூலைத் தாண்டும். தனி ஆள் ஓட்டும் சைக்கிளில் இதில் பாதிதான் வரும். இரட்டை சைக்கிளிலும் சக்கரம் இரண்டே, ரிம்மும் இரண்டே. சூடு மட்டும் இரண்டு மடங்கு.

ரிம் சூடேறினால் முதலில் பஞ்சர் ஒட்டின் பசை இளகும். பிறகு உள்ளே காற்றழுத்தம் ஏறி டியூப் வெடிக்கும். முன்சக்கரத்து டியூப் வெடிப்பது கொண்டை ஊசி வளைவின் நடுவில் என்றால் மேலே சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மலைநாடுகளில் இரட்டை சைக்கிள் ஓட்டுபவர்கள் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக்கைப் பின்சக்கரத்தில் சேர்த்தார்கள். அதன் வேலை வண்டியை நிறுத்துவது அல்ல. இறக்கம் முழுக்க வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவது. நிறுத்தும் வேலைக்கு ரிம் பிரேக் இரண்டும் குளிர்ச்சியாகக் காத்திருக்கும். இந்தப் பிரிவினை மனதில் நின்றால் கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

செய்ய வேண்டியவை

சாமான் வாங்கும் முன் சைக்கிளின் சட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள அகலம், அச்சின் தடிமன், இடப்பக்கத்துப் பின்குழாயின் தடிமன், ஹப்பில் உள்ள கம்பித் துளைகளின் எண்ணிக்கை, இந்த நான்கையும் எழுதி வையுங்கள். நம் ஊர் பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. வெளிநாட்டு இரட்டை சைக்கிள்களில் 40 அல்லது 48 கம்பி வரும். பின்பக்க அகலமும் 140, 145 மில்லிமீட்டர் என்று கூடுதலாக இருக்கும். இரும்புச் சட்டமாக இருந்தால் சில மில்லிமீட்டர் வரை விரித்துக் கொடுக்க விவரமான மெக்கானிக்கால் முடியும். அலுமினியச் சட்டத்தில் அந்த வேலையே கூடாது.

எந்த டிரம் என்பதை முடிவு செய்யுங்கள். இதில் இரண்டு வகை. ஜப்பானின் அராய் டிரம் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. ஹப்பின் இடப்பக்கத்தில், ஃப்ரீவீல் மாட்டுவது போன்ற மரையில் திருகிப் பூட்டுவார்கள். அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. பழையது கிடைத்தால்தான் உண்டு. இன்னொன்று ஸ்டர்மி ஆர்ச்சர் செய்யும், டிரம்மும் ஹப்பும் ஒன்றாகவே வரும் வகை. 70, 90 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு. 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தொடங்கிய அந்த நிறுவனம் 2000 முதல் தைவானின் சன்ரேஸ் கையில் இருக்கிறது. எதை வாங்கினாலும் எவ்வளவு எடைக்கு, எந்த வகை வண்டிக்கு என்று அதன் கூடவே வரும் தாளில் இருக்கும். இரட்டை சைக்கிளுக்கு ஆகாது என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பின்சக்கரத்திலேயே மாட்டுங்கள். இரட்டை சைக்கிளில் பின்சக்கரத்தின் மேல் பாரம் அதிகம். அதனால் அது எளிதில் வழுக்காது, நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கலாம். முன்ஃபோர்க்கின் கால்கள் கீழே போகப்போக மெலிந்தவை. டிரம் முறுக்குவதைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஃபோர்க் இல்லாமல் முன்னால் மாட்டினால் ஒரு கால் மட்டும் வளையும்.

பிடிகையைச் சரியாகப் பூட்டுங்கள். இந்த வேலையில் உயிர் இருப்பது இங்கேதான். மெக்கானிக்குகள் டார்க் ஆர்ம் என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஷூ, சுழலும் டிரம்மை நிறுத்தப் பார்க்கிறது. டிரம்மோ ஷூவையும் அதைத் தாங்கும் தட்டையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கிறது. தட்டு சுழலாமல் பிடித்துக்கொள்வது இந்த ஒரு கைதான். கை முன்னோக்கி நீண்டு இடப்பக்கத்துப் பின்குழாயில் ஒரு கிளாம்ப்பால் பூட்டப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது அதன் நுனி கீழ்நோக்கி அழுத்தும். ஆகவே கிளாம்ப் அந்தக் கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்க வேண்டும். குழாயில் சறுக்கவோ திரும்பவோ கூடாது.

கிளாம்ப் குழாயின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். பெயின்ட் கெடாமல் இருக்க நடுவே ஏதாவது வைக்க வேண்டுமென்றால் மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள். பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினால் ரப்பர் நசுங்கி, ஒவ்வொரு பிடிக்கும் கிளாம்ப் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். முதலில் அச்சு நட்டை விரலால் மட்டும் இறுக்கி, பிடிகையைக் குழாயோடு எந்த இழுப்பும் இல்லாமல் உட்கார வையுங்கள். பிறகு அச்சு நட்டை முழுதாக இறுக்கி, கடைசியாகக் கிளாம்ப் போல்ட்டை இறுக்குங்கள். கிளாம்ப்தான் கை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். கிளாம்ப் எட்டவில்லை என்று கையை வளைத்துக் கொண்டுபோய்ப் பூட்டினால் தட்டு சாய்ந்து, ஷூவின் மேலுள்ள லைனிங் ஒரு பக்கமாகத் தேயும். போல்ட்டுக்கு நைலான் வைத்த நட் போடுங்கள். சாதாரண நட் அதிர்வில் கழன்றுவிடும். சங்கிலியை இழுத்துக் கட்டப் பின்சக்கரத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கிளாம்ப்பையும் தளர்த்தித் திரும்பப் பூட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

சக்கரத்தைப் புதிதாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். ரிம் பிரேக்கில் பிடிப்பு நேராக ரிம்மில் விழுகிறது. டிரம் பிரேக்கில் பிடிப்பு ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாக ரிம்முக்குப் போகிறது. ஹப்பிலிருந்து நேராகப் போகும் கம்பிகள் இந்த முறுக்கைத் தாங்காது. மூன்று அல்லது நான்கு குறுக்கு வைத்துக் கோர்த்த சக்கரம்தான் தாங்கும். தளர்ந்த கம்பி ஒன்று இருந்தாலும் பக்கத்துக் கம்பிகள் கழுத்தில் முறியும். புதிதாகக் கோர்த்த சக்கரத்தைக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கோட்டம் எடுத்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள்.

மரையில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். திருகி மாட்டும் டிரம் ஒவ்வொரு பிடிக்கும் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். மரை அப்படி வெட்டப்பட்டிருப்பதால் தானாகக் கழலாது, அது நல்லது. ஆனால் காய்ந்த மரையில் மாட்டிவிட்டால் பிறகு கழற்ற லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கேபிள் நீளத்தை யோசியுங்கள். லீவரை முன் ஹேண்டில்பாரில் வைத்தால் கேபிள் வண்டியின் முழு நீளமும் போகும். நீளம் கூடக்கூட அவுட்டர் நசுங்கிப் பிடி மெத்தென்று ஆகும். உள்ளே மசகிட்ட நல்ல தடித்த அவுட்டர் போட்டு, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோங்கள். பிரேக் முழுதாகப் பிடித்திருக்கும் நிலையில் கேபிள் இழுக்கும் டிரம்மின் நெம்புகோலுக்கும் கேபிளுக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருந்தால் இழுப்பு வீணாகாது.

லீவரைப் பின்னால் இருப்பவரிடம் கொடுங்கள். முன்னால் இருப்பவருக்குத் திசையும் இரண்டு ரிம் பிரேக்கும் பார்க்கவே கை போதாது. டிரம்முக்கு நல்லது, தள்ளிய இடத்தில் அப்படியே நிற்கும் லீவர். கிளிக் இல்லாத பழைய கியர் லீவர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கிளிக் விழும் புதிய கியர் லீவர் வேண்டாம். அதில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே வேண்டிய அளவு பிடிக்க முடியாது.

பின்னால் இருப்பவர் பார்வையற்றவராக இருந்தாலும் இதுவே பொருந்தும். பார்வையற்றவர்கள் சைக்கிள் ஓட்ட உள்ள வழிகளில் இரட்டை சைக்கிள் முக்கியமானது. பாராலிம்பிக்கில் பார்வையற்ற வீரர்கள் இதில்தான் போட்டியிடுகிறார்கள். புனேயைச் சேர்ந்த, பார்வை இழந்த திவ்யான்ஷு கனாத்ரா 2016இல் இரட்டை சைக்கிளில் மணாலியிலிருந்து கார்துங் லா வரை போனார். பின்னிருக்கையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது என்பதால் அவரைச் சும்மா உட்கார வைப்பது சரியல்ல. டிரம் லீவர் அவர் கையில் இருந்தால் இறக்கத்தின் வேகத்துக்கு அவரும் பொறுப்பாளி. வண்டி வேகம் எடுப்பதை உடம்பு உணர்வதற்குக் கண் தேவையில்லை. முன்னால் இருப்பவர் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான். "அண்ணே, புடிங்க", "இன்னும் கொஞ்சம்", "விடுங்க", "வளைவு வருது, வலது பக்கம்." இந்தச் சொற்களை மட்டச் சாலையிலேயே பேசிப் பழகிக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லைனிங் உட்கார நேரம் கொடுங்கள். புது லைனிங் டிரம்மின் வளைவோடு முழுதாக ஒட்டியிருக்காது. கூடலூருக்கும் லோயர்கேம்ப்புக்கும் இடையே மெல்ல ஏறும் சாலை இதற்கு ஏற்றது. ஏறிவிட்டுத் திரும்பும்போது பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பழக்குங்கள். தொடக்கத்தில் பிடி குறைவாகத்தான் இருக்கும். அதற்காகக் கேபிளை இறுக்க வேண்டாம். லைனிங் உட்கார்ந்ததும் பிடி கூடும்.

செய்யக்கூடாதவை

டிரம் வந்துவிட்டது என்று ரிம் பிரேக்கைக் கழற்றாதீர்கள். இது மூன்றாவது பிரேக். கேபிள் ஒன்று அறுந்தாலும் மீதி இரண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டு ரிம் பிரேக்கையும் ஒரே லீவரில் கட்டுவதும் வேண்டாம்.

மொபெட் ஹப்பைப் பொருத்தப் பார்க்காதீர்கள். தேனி, கம்பம் பக்கம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓடாத தெரு இல்லை. பழைய இரும்புக் கடையில் அதன் டிரம் ஹப் மலிவாகக் கிடைக்கும். இதையே மாட்டினால் என்ன என்று பட்டறையில் கேட்காதவர் குறைவு. அதன் அச்சு தடித்தது, சைக்கிள் சட்டத்தின் காதில் நுழையாது. நுழைய வைக்கக் காதை அரம் போட்டு அகலப்படுத்தினால், முறுக்கு முழுவதையும் தாங்க வேண்டிய இடத்தையே மெலிய வைத்ததாக ஆகும். கம்பித் துளைகளும் கம்பியின் தடிமனும் சைக்கிள் ரிம்மோடு ஒத்துப்போகாது. நம் பட்டறைக்காரர்களின் கைவேலையில் எனக்கு நிறைய மதிப்பு உண்டு. தறிகெட்ட பம்புசெட்டையும் ஒரு மணி நேரத்தில் ஓட வைப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர்கள் முடியும் என்றாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அலுமினியச் சட்டத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். பிடிகைக்கு ஒரு காது வைக்கலாமே என்று தோன்றும். அலுமினியக் குழாய் சூட்டுப் பதம் கொடுத்துக் கடினமாக்கப்பட்டது. வெல்டிங் பட்ட இடம் இளகிவிடும். அங்கே கிளாம்ப் மட்டுமே. இரும்புச் சட்டத்தில் பித்தளைப் பற்று வைக்கலாம், மெல்லிய குழாயில் வேலை செய்து பழகிய கை என்றால் மட்டும். டிரம்மை ஹப்போடு வெல்டிங் செய்வது எந்தச் சட்டத்திலும் கூடாது.

டிரம்முக்குள் எண்ணெய் போகவிடாதீர்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும் கையோடு அச்சுக்கும் இரண்டு சொட்டு விடுவது நம் பழக்கம். டிரம் உள்ள சக்கரத்தில் அந்த இரண்டு சொட்டும் லைனிங்குக்குத்தான் போய்ச் சேரும். பேரிங்கில் கிரீஸை அடைத்து வைப்பதும் அப்படியே. சூட்டில் உருகி வழியும். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய டிரம்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். கம்ப்ரசர் காற்றடிக்கவும் விடாதீர்கள். பட்டறையில் வேலை பழகும் பையன் மூக்குக்குத்தான் அது போகும்.

சூடாக இருக்கும்போது கேபிளை இறுக்காதீர்கள். டிரம் சூடானால் விரியும். ஷூவிலிருந்து அது விலகுவதால் லீவரை இன்னும் தள்ள வேண்டியிருக்கும். கேபிள் தளர்ந்துவிட்டது என்று நினைத்து நடு வழியில் அட்ஜஸ்டரைத் திருகினால், ஆறிய பிறகு டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விப் பிடிக்கும். சரிபார்ப்பதெல்லாம் மறுநாள் காலை, குளிர்ந்த பிறகு.

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையும் வைக்காதீர்கள். வழியோர ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றினால் உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து கோணும்; விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்திக் காத்திருங்கள். நிறுத்தும்போது டிரம்மை இறுக்கிப் பிடித்த நிலையில் விடாமல், சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள்.

மலையில்

லோயர்கேம்ப் சாலைக்கும் போடிமெட்டுச் சாலைக்கும் வித்தியாசம் உண்டு. குமுளியிலிருந்து இறங்குவது குறைந்த தூரம்தான், ஆனால் செங்குத்து. மாதா கோயில் வளைவு, இரைச்சல் பாலம், பெரியாறு தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்கள் என்று வரிசையாக வரும். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்தர்களின் கார் இந்தச் சாலையில் கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். நான்கு சக்கர வண்டியையே இந்த இறக்கம் அப்படிச் செய்கிறது. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் நீளமாகப் போவதால் டிரம் ஆறவே நேரம் கிடைக்காது. முதல் பயணத்துக்குக் குமுளியைத் தேர்ந்தெடுங்கள், குறைந்த தூரம் என்பதால். சின்னமனூருக்கு மேலே மேகமலைச் சாலை இரட்டை சைக்கிளுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. அதன் 18 வளைவுகளில் நீண்ட வண்டியைத் திருப்பவே இடம் போதாது. மேலே காட்டுயிர் நடமாட்டமும் உண்டு.

இறங்கத் தொடங்கும் முன்பே டிரம்மைப் பிடியுங்கள். வேகம் ஏறிய பிறகு பிடித்தால் ஏறிய வேகத்தைக் குறைக்கும் வேலையும் அதன் தலையில் விழும். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே ரிம் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலை விட்டுவிடுங்கள். டிரம் மட்டும் பிடித்திருக்கட்டும். பாதை நேராக, வெறுமையாக இருக்கும் இடங்களில் இருவரும் நிமிர்ந்து உட்காருங்கள். உடம்பில் மோதும் காற்று எடுத்துக்கொள்ளும் சூடெல்லாம் பிரேக்குக்கு மிச்சம். கருகிய வாசனை வந்தால், லீவர் வழக்கத்தைவிட நீளமாகப் போனால், உடனே ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரம் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

மழையில் டிரம்மின் அருமை தெரியும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குமுளிப் பக்கம் சாரல் விட்டுவிட்டுப் பெய்யும். நனைந்த ரிம் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. டிரம் மூடியிருப்பதால் உள்ளே அவ்வளவாக நனையாது. தேங்கிய தண்ணீரில் அச்சு வரை முங்கியிருந்தால் மட்டும், லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர வையுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காற்றையும் கணக்கில் வையுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுதான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நீளமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ள அதற்கு நேரம் ஆகாது. வடகிழக்குப் பருவ மழைக்குப் போடிமெட்டில் மண் சரியும். அந்த மாதங்களில் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் கிளாம்ப் போல்ட், அச்சு நட், கம்பிகளின் இறுக்கம், கேபிள் நுனியில் இழை பிரிந்திருக்கிறதா என்பது, இந்த நான்கையும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கார்த்திகை, மார்கழியில் மலைக்கு வராதீர்கள். சபரிமலை சீசனில் கூட்டம் கூடினால் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். இரவெல்லாம் ஓட்டிய டிரைவர்களின் பஸ்ஸும் வேனும் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். தை பிறந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, வார நாள் ஒன்றில், காலை வெளிச்சம் நன்றாக விழுந்ததும் இறங்குங்கள்.